கோடை லீவுக்கு ஒரு கிரேக்க விளையாட்டு: ஹெர்குலிஸா, ஜீயஸா, செல்போனில் இலவசமாகக் கிடைப்பதா?

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் பெரியப்பா வீடு. மே மாதம் வந்துவிட்டால் அங்கே ஒரு லேப்டாப்புக்கு மூன்று பேர் காத்திருப்பார்கள்: திருச்சியிலிருந்து லீவுக்கு வரும் பேரன், வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டே இருக்கும் இளைய மகன், மத்தியான வெயிலில் வயல் பக்கம் போக முடியாத பெரியப்பா. பேரனுக்குக் கொஞ்ச நாளாகக் கிரேக்கக் கதைப் பைத்தியம். அந்தக் கதை வரும் விளையாட்டு வேண்டும் என்கிறான். அடிதடி அதிகம் இருக்கக் கூடாது என்கிறாள் அவன் அம்மா. தாத்தாவும் சேர்ந்து ஆடுகிற மாதிரி இருக்க வேண்டும் என்பது அவன் போட்ட கூடுதல் நிபந்தனை. இப்படிப்பட்ட வீடுகள் டெல்டாவில் ஏராளம் என்பதால், அவர்களுக்காகத் தேடிப் பார்த்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

கதையும் படமும் எப்படி இருக்கிறது என்று பார்த்து இதை முடிவு செய்தால் ஏமாந்து போவீர்கள். விளையாட்டு விற்கும் இணையக் கடையில் போட்டிருக்கும் படத்தில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். கவனிக்க வேண்டியது கடிகாரத்தை. விளையாட்டு ஆடுகிறவரை எவ்வளவு அவசரப்படுத்துகிறது, அந்த அவசரத்தை அவரே நிறுத்த முடியுமா, நிறுத்துவதற்குக் காசு கேட்கிறதா, நடுவில் கரண்ட் போனால் ஆடியதில் எவ்வளவு போகும். இந்த நான்கையும் கேட்டுப் பார்த்தால் பாதிப் பட்டியல் தானாகவே கழிந்துவிடும்.

முதலில் ஹெர்குலிஸ். '12 லேபர்ஸ் ஆஃப் ஹெர்குலிஸ்' என்ற பெயரில் ஃபின்லாந்தின் ஜெட்டாக்ஸ் நிறுவனம் வெளியிடும் தொடர் இது. பத்துக்கு மேல் பாகங்கள் வந்துவிட்டன. முதல் பாகத்தில் ஹெர்குலிஸின் மனைவியைப் பாதாளத்து ஹேடிஸ் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான், இவன் வழியெல்லாம் தடையை நீக்கிக்கொண்டு மீட்கப் போகிறான். பெயரைக் கேட்டதும் பெரியப்பா, "ஹெர்குலிஸா? சைக்கிள் கம்பெனிக்காரனா?" என்றார். அவருடைய முதல் சைக்கிள் அதுதான். பேரனுக்கு விளக்கம் சொல்லியே வாய் வலித்தது.

ஆட்டம் இப்படி. மேலிருந்து பார்க்கிற ஒரு சின்ன நிலப்பரப்பு. ஒரு ஓரத்தில் கூடாரம், அதில் வேலையாட்கள். பாதையில் மரம் விழுந்து கிடக்கும், கல் கிடக்கும், பாலம் உடைந்திருக்கும். எதைச் சொடுக்குகிறோமோ அங்கே ஆள் ஓடிப்போய் வேலையை முடித்துவிட்டுத் திரும்புவான். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு விலை உண்டு: தடையை எடுக்க உணவு, பாலம் கட்ட மரம், வேறு சிலவற்றுக்குப் பொன். கையிருப்பு தீர்ந்தால் ஆள் சும்மா நிற்பான். உணவு தரும் பண்ணை, மரம் தரும் அறுவைப் பட்டறை என்று கட்டிக்கொண்டு போக வேண்டும், கூடாரத்தைப் பெரிதாக்கினால் ஆள் கூடும். ஆட்களால் முடியாத பெரிய காரியத்துக்கு ஹெர்குலிஸே வர வேண்டும். குறித்த நேரத்துக்குள் முடித்தால் நட்சத்திரம் முழுசாகக் கிடைக்கும்.

இந்த வகையை டைம் மேனேஜ்மென்ட் விளையாட்டு என்கிறார்கள். சாப்பாட்டுக் கடையில் வாடிக்கையாளரைக் காக்க வைக்காமல் பரிமாறுகிற விளையாட்டுகள் 2000-களில் இதைப் பிரபலமாக்கின. பிறகு ராஜ்ஜியம், ரோமாபுரி, வைக்கிங் என்று வேஷம் மாறியது. வேஷத்துக்கு உள்ளே இருக்கிற கணக்கு ஒன்றுதான்: ஆள் கொஞ்சம், வேலை நிறைய, எதை முதலில் செய்வது.

பெரியப்பாவுக்கு அந்தக் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பேரன் ஆடும்போது நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பையன் கையிலிருந்த உணவையெல்லாம் போட்டு மரக்கட்டைகளை வரிசையாக எடுத்துக்கொண்டே போனான். பாதி வழியில் உணவு பூஜ்யம். மூன்று ஆட்கள் கூடாரத்து வாசலில் நின்றுவிட்டார்கள், மேலே கடிகாரம் மட்டும் ஓடுகிறது.

"ஏன்டா தம்பி, சோத்துக்கு வழி பண்ணாம ஆள வேலைக்கு எறக்கிட்டியே. மொதல்ல அந்தக் கொல்லைய எடுத்துக் கட்டு."

"தாத்தா, அது பண்ணை. அதுக்கு மரம் வேணும்."

"அப்ப ஒரே ஒரு கட்டைய எடு. மத்தத விடு. ஒருத்தன் கட்டட்டும், ரெண்டு பேரு பழம் பொறுக்கட்டும்."

அந்தக் கட்டத்தை மறுபடி தொடங்கி, அவர் சொன்னபடி ஆடியதில் நேரத்துக்குள் முடிந்தது. நடவு நாளில் நாற்றுப் பறிக்க எத்தனை பேர், நாற்று முடி சுமக்க எத்தனை பேர், வயலில் இறங்க எத்தனை பேர் என்று நாற்பது வருஷம் ஆள் பிரித்தவர் அவர். ஆங்கிலம் தெரியாதது ஒரு பொருட்டாகவே இல்லை. இந்தத் தொடரில் தமிழ் கிடையாது என்பது குறைதான். ஆனால் வேலைக்கு என்ன வேண்டும் என்பதைப் படமாகவும் எண்ணாகவும் காட்டிவிடுவதால் ஆட்டம் தடைப்படாது. கதை சொல்லும் இடங்களைப் பேரன் படித்துச் சொல்லட்டும்.

அவசரம் பிடிக்காதவர்களுக்கு நேரக் கெடு இல்லாமல் ஆடும் நிதான முறை இந்த வகை விளையாட்டுகளில் வழக்கம். வாங்கப்போகும் பாகத்தில் அது இருக்கிறதா என்று கடைப் பக்கத்தில் ஒரு முறை படித்துக்கொள்ளுங்கள். வயதானவர்களுக்கு இதைத்தான் முதலில் போட்டுக் கொடுக்க வேண்டும். கடிகாரத்தோடு தொடங்கினால் மவுஸ் பழகுவதற்குள் தோற்றுப்போய், "இது நமக்கு ஒத்து வராதுப்பா" என்று எழுந்துவிடுவார்கள். கை பழகிய பிறகு அவர்களே நட்சத்திரம் கேட்பார்கள்.

கதை விஷயத்தில் மட்டும் இதை நம்பாதீர்கள். மூலக் கதையில் ஹேடிஸ் மனைவியைக் கடத்தவில்லை. ஹீரா தேவி ஏவிய பித்தத்தில் ஹெர்குலிஸ் தன் பிள்ளைகளையே கொன்றுவிடுகிறான், அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாகத்தான் யூரிஸ்தியஸ் மன்னனிடம் ஏவல் செய்யப் போகிறான். முதலில் விதித்த வேலை பத்து என்றும், அதில் இரண்டை மன்னன் ஒப்புக்கொள்ளாததால் பன்னிரண்டு ஆனது என்றும் ஒரு பழைய மரபு உண்டு. பல தலை ஹைட்ராவைக் கொல்ல அண்ணன் தம்பி வகையில் வந்த பையன் அயோலாஸ் உதவினான், அதனால் அது செல்லாது. ஆஜியஸ் மன்னனின் மாட்டுத் தொழுவத்தைச் சுத்தம் செய்ததற்குக் கூலி பேசினான், அதனால் அதுவும் செல்லாது. தினக்கூலி விவகாரம் எந்தக் காலத்திலும் சச்சரவுதான் போலிருக்கிறது.

அந்தத் தொழுவக் கதையைப் பேரன் சொல்லக் கேட்டபோது பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். வருஷக் கணக்காக அள்ளாத சாணத்தை ஒரே நாளில் அகற்ற, ஆல்ஃபியஸ், பினியஸ் என்ற இரண்டு ஆறுகளைத் தொழுவத்துக்குள் திருப்பிவிட்டான் ஹெர்குலிஸ். "ரெண்டு ஆத்தத் திருப்பினா கீழ்மடைக்காரன் சும்மா விட்டானா?" என்பது அவருடைய கேள்வி. அவ்வளவு எருவையும் ஆற்றோடு விட்டுவிட்டானே என்பது அடுத்த வருத்தம். கிரேக்கப் புராணத்தில் இதற்கெல்லாம் பதில் இல்லை.

இப்போது ஜீயஸ். 'ஜீயஸ்: மாஸ்டர் ஆஃப் ஒலிம்பஸ்' 2000-ல் வந்த பழைய விளையாட்டு, இம்ப்ரெஷன்ஸ் கேம்ஸ் செய்தது. இது நகரம் கட்டுகிற வகை. காலி நிலத்தில் வீடு, தண்ணீர், வயல், ஆலிவ் தோப்பு, ஆட்டு ரோமம், சந்தை என்று ஒவ்வொன்றாக அமைக்க வேண்டும். சந்தையிலிருந்து கிளம்பும் வியாபாரி தெருத்தெருவாக நடந்து வீடுகளுக்குப் பொருள் கொடுப்பார், அவர் நடக்காத தெரு உருப்படாது. கடவுளருக்குக் கோயில் எழுப்பலாம். டிமீட்டருக்கு எழுப்பினால் விளைச்சலுக்குத் துணை, கோபத்தில் இருக்கும் கடவுள் நேரில் வந்து ஊரைச் சூறையாடுவதும் உண்டு. ஹைட்ரா மாதிரி ஏதாவது வந்து ஊரைப் பிடித்துக்கொண்டால் வீரனுக்கென்று ஒரு மண்டபம் கட்டி, அவன் கேட்கும் பொருளையெல்லாம் சேர்த்து வைத்த பிறகுதான் அவன் வருவான். புராணத்தை இது இன்னும் மதித்து நடத்துகிறது. ட்ரோஜன் போர் போன்ற கதைகள் தனித்தனிப் பயணங்களாக அமைந்திருக்கின்றன.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஹெர்குலிஸில் ஒரு கட்டம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஜீயஸில் ஒரு மத்தியானம் முழுக்கப் போகும், ஊர் பாதிதான் எழுந்திருக்கும். ஜீயஸில் வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தியும் வைக்கலாம். அவசரம் அதில் வேறு மாதிரி வருகிறது: கோதுமை தீர்ந்தது அரை மணி கழித்துத்தான் தெரியும், அதற்குள் ஜனம் வீட்டைக் காலி செய்திருக்கும். படிக்க வேண்டிய ஆங்கிலமும் அதிகம். இளைய மகனுக்கு இது சரியான தீனி. பெரியப்பாவுக்குச் சின்ன எழுத்தும் நெருக்கமான படங்களும் கண்ணைப் பிடுங்கும். பையனுக்கு இன்னும் இரண்டு மூன்று வருஷம் போகட்டும்.

கரண்ட் கணக்கில் ஹெர்குலிஸ் தெளிவாக முன்னால் நிற்கிறது. நம் பக்கத்துப் பழைய லேப்டாப்புகளில் பேட்டரி பேருக்குத்தான் இருக்கிறது, ஒயரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். மத்தியானம் கரண்ட் போவதற்கு முன்னறிவிப்பு ஏது? ஹெர்குலிஸில் போனால் அந்த ஒரு கட்டம் போகும். ஜீயஸில் கடைசியாகச் சேமித்த பிறகு கட்டியதெல்லாம் போகும். ஆட்டச் சுவாரசியத்தில் யார் சேமிக்கிறார்கள்?

ஆனால் இயந்திரம் என்று வரும்போது கதை தலைகீழாகிறது, நிறையப் பேர் மாட்டிக்கொள்ளும் இடமும் இதுதான். 2011 முதல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா லேப்டாப் இன்னும் பல வீடுகளில் உயிரோடு இருக்கிறது. ஹெர்குலிஸ் ஓட அந்த லேப்டாப்பின் சக்தி தாராளமாகப் போதும், தனி கிராஃபிக்ஸ் கார்டு எதுவும் கேட்பதில்லை. சிக்கல் கடையில். இந்த விளையாட்டு கிடைக்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையின் செயலி 2024 ஜனவரி 1 முதல் விண்டோஸ் 7, 8, 8.1 ஆகியவற்றுக்கு ஆதரவை நிறுத்திவிட்டது. லேப்டாப் வந்தபோது இருந்த விண்டோஸே இன்றும் இருந்தால், ஸ்டீமில் காசு கொடுத்து வாங்கிய பிறகு இறங்காமல் தவிப்பீர்கள். முதலில் விண்டோஸ் 10-க்கு மாற்றுங்கள், 64 பிட் பதிப்பாகப் பார்த்துப் போடச் சொல்லுங்கள். மன்னார்குடியிலோ கும்பகோணத்திலோ கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் கேட்டால் செய்து தருவார்கள். அப்படியே ராம் எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். 2 ஜிபி என்றால் விண்டோஸ் 10 திணறும், கூட்டிக்கொள்வது நல்லது.

ஜீயஸுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஜி.ஓ.ஜி. என்ற இணையக் கடையில், பின்னால் வந்த விரிவாக்கத்தோடு சேர்த்து விற்கிறார்கள். நிறுவும் கோப்பைத் தனியாக இறக்கிப் பென் டிரைவில் போட்டு வேறு விண்டோஸ் லேப்டாப்பில் ஏற்றலாம். நெட் இருக்கும் வீட்டில் இறக்கி, நெட் இல்லாத வீட்டில் ஆடலாம். விண்டோஸை மாற்ற மனமில்லாதவர்களுக்கு இது ஒன்றே போதுமான காரணம்.

'ஹேடிஸ்' வாங்கலாமா என்று இளைய மகன் கேட்டான். 2020-ல் முழுமையாக வெளிவந்து விருதுகளை அள்ளிய விளையாட்டு. பாதாளத்து அரசனின் மகன் சாக்ரியஸ் தப்பித்துப் போகப் பார்க்கும் கதை. எழுத்தும் குரலும் பிரமாதம், கிரேக்கக் கடவுளர் குடும்பச் சண்டையை இவ்வளவு ரசனையாகக் காட்டியது குறைவு. ஆனால் முழுக்க அடிதடி, இருபது முப்பது நிமிடம் விரல் ஓயாது. அம்மாவின் நிபந்தனையிலேயே அடிபட்டுவிட்டது. தவிர அது கேட்பது 4 ஜிபி ராம், 15 ஜிபி இடம். தினம் 1.5 ஜிபி போன் டேட்டாவில் ஹாட்ஸ்பாட் போட்டு இறக்கினால் பத்து நாள் வரைகூட ஆகலாம். அவனுக்கு வேலை கிடைத்து நல்ல லேப்டாப் வாங்கட்டும், பிறகு பார்க்கலாம்.

'ஆர்கோனாட்ஸ் ஏஜென்சி' என்றும் ஒரு தொடர் உண்டு. ஹெர்குலிஸ் மாதிரியேதான், கிரேக்க வேஷம், வேலையாள், கையிருப்பு. ஹெர்குலிஸை ஆடி முடித்து அலுக்காதவர்கள் அங்கே போகலாம், முதல் தேர்வாக அதற்கும் இதற்கும் மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை.

செல்போனில் இலவசமாகக் கிடைப்பவற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் முடிவு அந்தப் பக்கம்தான் சாய்கிறது. "சும்மா கிடைக்கிறப்ப எதுக்குக் காசு?" நியாயமான கேள்வி. தொடக்கத்தில் எல்லாம் தடையில்லாமல் ஓடும். கொஞ்ச தூரம் போனதும் பண்ணை கட்ட இரண்டு மணி நேரம் காத்திரு என்று வரும், அல்லது தெம்பு தீர்ந்தது, நாளைக்கு வா என்று வரும். காத்திருக்க முடியாவிட்டால் விளம்பரம் பார்க்கலாம், அல்லது ரத்தினம் வாங்கலாம். ரத்தினத்துக்கு ரூபாய். அங்கே கடிகாரம் ஓடுவது நம் திறமையை அளப்பதற்கு இல்லை, பொறுமையை விலை பேசுவதற்கு. ஹெர்குலிஸில் தோற்றால் ஆள் பிரித்ததில் எங்கே பிசகியது என்று யோசிக்கலாம், மறுபடி ஆடலாம். இங்கே யோசித்தாலும் அந்த இரண்டு மணி நேரம் குறையாது. பெரியப்பாவுக்கு எரிச்சல் வரும், பையனுக்குக் கெட்ட பழக்கம் வரும். அந்தப் போனில் யூபிஐ-யும் இருந்தால் வேறு செலவும் வரும். பிளே ஸ்டோர் அமைப்பில் ஒவ்வொரு வாங்கலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி வைத்துவிடுங்கள், எந்த விளையாட்டைப் போட்டாலும் சரி.

போனில்தான் ஆட வேண்டும் என்றால், ஹெர்குலிஸ் தொடரே போனிலும் வந்திருக்கிறது. டேப்லெட் இருந்தால் தாராளமாக. ஆறு அங்குலத் திரையில் ஒரு கட்டையைத் தொடப் போய்ப் பக்கத்துப் புதரைத் தொட்டுவிடும். மண்வெட்டி பிடித்த விரலுக்கு அது கொடுமை. நடுவில் உர டெப்போவிலிருந்து போன் வந்தால் ஆட்டம் அம்போ.

ஆகவே பெரியப்பா வீட்டுக்கு நான் சொன்னது ஹெர்குலிஸ், லேப்டாப்பில், ஒரே ஒரு பாகம். பல பாகங்களைச் சேர்த்துக் கட்டாக மலிவு விலையில் விற்கிறார்கள், ஆசைப்பட வேண்டாம். ஆட்டம் ஏறக்குறைய ஒன்றே என்பதால் இரண்டாவதைத் தொடுவதற்குள் லீவு முடிந்துவிடும். முதல் பாகம் எளிமையானது, அதிலிருந்து தொடங்கலாம். வீட்டில் பெண் பிள்ளை ஆடுவதாக இருந்தால் பெண்களை முன்னிறுத்தும் மூன்றாவது பாகம், 'கேர்ள் பவர்', நல்ல தேர்வு. எந்தப் பாகத்திலிருந்து ஆரம்பித்தாலும் கதை புரியாமல் போகாது. நெட் வராத நாளுக்கு ஸ்டீமை ஆஃப்லைன் முறையில் போட்டுவிட்டால் ஆடிக்கொண்டே இருக்கலாம்.

ஸ்டீமில் ரூபாயிலேயே விலை இருக்கிறது. தள்ளுபடிக்குக் காத்திருக்கலாமா என்று கேட்பீர்கள். பெரிய கோடைத் தள்ளுபடி ஜூன் கடைசியில்தான் வரும். அப்போது பேரன் பள்ளிக்கூடம் திரும்பியிருப்பான். வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் திறந்திருந்தால் தாத்தா குறுவை வேலையில் இருப்பார். மே மாதத்துக்கு வேண்டியதை மே மாதத்திலேயே வாங்கிவிடுங்கள். இந்தத் தொடரின் பழைய பாகங்கள் நடுநடுவே சின்னத் தள்ளுபடியிலும் வரும், விருப்பப் பட்டியலில் போட்டு வைத்தால் மின்னஞ்சல் வரும். வாங்கிய 14 நாளுக்குள், ஆடிய நேரம் இரண்டு மணிக்குள் இருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அதனால் வாங்கிய முதல் நாளே தாத்தாவை உட்கார வைத்து நாலைந்து கட்டம் ஆட விட்டுப் பாருங்கள். பையனுக்குப் பிடிக்குமா என்பதைச் சோதிக்க வேண்டிய அவசியமே இல்லை.

லேப்டாப்பின் டச்பேடில் மட்டும் இதை ஆடாதீர்கள். பத்து நிமிடத்தில் மணிக்கட்டு வலிக்கும், வேகமும் வராது. ஒயர் வைத்த சாதாரண மவுஸ் ஒன்று வாங்குங்கள், சுட்டி நகரும் வேகத்தை அமைப்பில் கொஞ்சம் குறைத்து வையுங்கள். பெரியப்பா வீட்டில் இரண்டு மவுஸ் வாங்கச் சொல்லியிருக்கிறேன். இரண்டையும் ஒரே லேப்டாப்பில் செருகினால் இரண்டும் வேலை செய்யும், தாத்தா கையிலிருந்து பேரன் பிடுங்க வேண்டியதில்லை.